மோதிர விரலுக்குள்ளே ஓடுகிறது ரத்தம்!

ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், கணினியில் சொருகும் சின்ன யூஎஸ்பி நுண்ணோக்கி, உங்கள் மோதிர விரல். இவ்வளவு போதும்! நகம் தொடங்கும் இடத்தில் தோல் மடிந்து நகத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறதே, அந்த விளிம்பில் எண்ணெயை விடுங்கள். மற்ற விரல்களைவிட மோதிர விரலில்தான் அந்த இடம் தெளிவாகத் தெரியும். எண்ணெய் பட்டதும் மேல்தோலின் சொரசொரப்பில் வெளிச்சம் சிதறுவது அடங்கிவிடும், உள்ளே இருப்பது பளிச்சென்று மேலே வந்துவிடும்.

அப்புறம் பாருங்கள்! இளஞ்சிவப்புத் திரை முழுக்கக் கொண்டை ஊசிகளை அடுக்கி வைத்த மாதிரி ரத்தத் தந்துகிகள், ஒவ்வொன்றும் மேலேறி வளைந்து இறங்குகிறது, குவியத்தை இம்மி திருப்பினேன், ஐயோ, உள்ளே ஏதோ நகர்கிறது, என் ரத்தம், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி ஓடிக்கொண்டே இருக்கிறது! ஒரு சிவப்பணுவின் அகலம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது, அவை கூட்டம் கூட்டமாகப் போவதை வீட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தால் கத்தாமல் இருக்க முடியுமா? கத்தினேன். எல்லாரையும் கூப்பிட்டு ஒவ்வொருவர் விரலிலும் எண்ணெய் விட்டேன். இந்த வளைவுகள் எல்லாம் அடித்தோலில் இருப்பவை. மேல்தோலுக்கென்று ஒரு ரத்தக் குழாய்கூட இல்லை, கீழிருந்து கசிந்து வருவதை வைத்துத்தான் அதன் செல்கள் பிழைக்கின்றன, அடியில் பிறந்து, மேலே தள்ளப்பட்டு, கெரட்டின் நிரம்பிச் செத்து, உதிர்ந்து போகின்றன. தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மா நோயைக் கண்டறிய மருத்துவர்கள் உற்றுப் பார்ப்பதும் இதே நக விளிம்பைத்தான்!

இன்னும் இருக்கிறது, விட்டுவிட்டுப் போகாதீர்கள்! விரலைத் திருப்பி நுனியைக் காட்டுங்கள். ரேகை மேடுகளின் உச்சியில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளையிலும் மினுக்கென்று ஒரு வியர்வை முத்து முளைக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உப்புகிறது, பக்கத்து முத்தோடு சேர்ந்து வழிகிறது. வெயில் பட்டதால் வந்த வியர்வை இல்லை அது, உள்ளங்கையும் விரல்நுனியும் மனசு பரபரத்தாலே வியர்க்கும், அதாவது என் பரவசத்தைத்தான் நான் லென்ஸில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த நினைப்பிலேயே முன்கை முழுக்கப் புல்லரித்தது, உடனே நுண்ணோக்கியை அங்கே கொண்டுபோனேன், ஒவ்வொரு முடியும் தன் குழியிலிருந்து விறைத்து நிற்கிறது, வேரோடு ஒட்டிய இத்தனூண்டு தசை சுருங்கி அதை இழுத்து நிமிர்த்துகிறது, நாம் சொன்னால் கேட்காத தசை, மகிழ்ச்சிக்கும் குளிருக்கும் பயத்துக்கும் மட்டும் கட்டுப்படுகிற தசை, என்ன ஒரு ஏற்பாடு!

நகத்தையும் சும்மா விடவில்லை. நகத்துக்கு ரோஜா நிறம் தருவது அடியில் ஓடும் ரத்தம், அழுத்தினால் வெளுக்கும், விட்டால் திரும்பும். அடியில் தெரியும் வெள்ளைப் பிறைதான் நகம் உருவாகும் பட்டறையின் வெளியே தெரியும் ஓரம், அங்கிருந்து மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் கிளம்பி வருகிறது.

கை துளி ஆடினாலும் படம் ஓடிவிடும், அதெல்லாம் ஒரு குறையா! விரலை மேசையில் ஊன்றி வையுங்கள், லென்ஸால் அழுத்தாதீர்கள், அழுத்தினால் ரத்தம் நின்றுவிடும். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் முதலில் அதன் விரலை வைத்துக் காட்டுங்கள், இன்றைக்கே காட்டுங்கள்!