நினைவாற்றல் ஆய்வில் முறையும் முடிவும்

உளவியலில் ஆய்வுமுறை என்பது முடிவை எட்டும் வழி மட்டுமன்று. எட்டக்கூடிய முடிவின் எல்லையை வகுப்பதும் அதுவேயாகும். நினைவாற்றல் பற்றிய இரு ஆய்வுகள் இதற்குச் சான்றாவன.

எபிங்காசு 1885இல் வெளியிட்ட ஆய்வில் தம்மை மட்டுமே ஆய்வுக்கு உட்படுத்திக்கொண்டார். முன்னறிவின் தாக்கத்தை விலக்கப் பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300ஐ அமைத்தார். மீண்டும் கற்கையில் மிச்சமாகும் நேரத்தை அளவுகோலாக்கினார். ஒரு மணி நேரத்திற்குப் பின் 44 விழுக்காடாக இருந்த மிச்சம், 31 நாள்களுக்குப் பின் 21 விழுக்காடாயிற்று. ஒருவரையே ஆய்ந்தது குறையென்பர். ஆயின் 2015இல் வெளியான மறுஆய்வும், வேறொருவரிடம் நிகழ்த்தப்பட்டு, ஒத்த முடிவையே தந்தது. உண்மையான குறை வேறு: மொழியை ஆள்வோர் பொருளற்ற அசைகளை நினைவில் கொள்வதில்லை.

பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இக்குறையை நீக்க முயன்றார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதையொன்றைப் படித்தோர், அதைத் திரும்ப எழுதுகையில் தமக்குப் பழக்கமானதாக மாற்றினர். ஆயின் அவர்தம் அறிவுறுத்தல்கள் கண்டிப்பானவையல்ல. துல்லியமாக எழுதுமாறு வற்புறுத்தியபோது பிழைகள் குறைந்தமையை 1967இல் வெளியான ஆய்வு காட்டிற்று. எனினும், கண்டிப்பான அறிவுறுத்தலுக்குப் பின்னும் காலப்போக்கில் திரிபு நிகழ்வதை 1999ஆம் ஆண்டு ஆய்வு உறுதிசெய்தது.

முன்னவர் கட்டுப்பாட்டிற்காகப் பொருளை இழந்தார். பின்னவர் பொருளுக்காகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். அசைப்பட்டியலில் பெற்ற மறதி அளவை மொழிப்பாடத்திற்கு அப்படியே பொருத்துவது முறையன்று. பொருளைக் காத்தவாறே கட்டுப்பாட்டைச் சேர்ப்பது இயலும் என்பதை 1999ஆம் ஆண்டு ஆய்வு மெய்ப்பித்துள்ளது. மொழி கற்றல் ஆய்வு பின்பற்றத்தக்க நெறி இதுவே எனலாம்.