நஞ்சைத் தாங்கும் நுண்ணுயிரும் எண்ணூர்க் கழிமுகமும்

கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கடலைச் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தின் வண்டலில், அனல்மின் நிலையக் குழாய்கள் உடைந்து ஆண்டுக்கணக்கில் கசிந்த நிலக்கரிச் சாம்பல் படிந்து கிடக்கிறது. ஆர்செனிக், ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் ஆகிய நச்சுத் தனிமங்கள் சிறு அளவில் கலந்தது அச்சாம்பல். இத்தகைய வண்டலிலிருந்து கன உலோகங்களைத் தாங்கும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, அத்தாங்குதிறன் பிளாஸ்மிட்டில் இருப்பதாக நிறுவி, அவற்றைக் கொண்டே நீர்நிலையைத் தூய்மைப்படுத்தலாம் என்று பரிந்துரைப்பது நுண்ணுயிரியல் ஆய்வுகளில் நெடுநாள் வழக்கம். இவ்வழக்கின் கண்டறியும் பகுதி மதிப்புடையது. பரிந்துரைக்கும் பகுதியோ, பாதரசம் நீங்கலாக, பெரும்பாலும் ஆதாரமற்றது.

பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவின் முதன்மை நிறப்புரியிலிருந்து விலகி, தானே இரட்டித்துக்கொள்ளும், பெரும்பாலும் வளைய வடிவிலான டி.என்.ஏ. இரு பாக்டீரியாக்கள் இணையும்போது அவற்றுள் பல ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும், வேற்றினத்துக்கும் செல்லும். பெனிசிலினைச் சிதைக்கும் மரபணுவைச் சுமந்த ஸ்டஃபிலோகாக்கஸ் பிளாஸ்மிட்களிலேயே காட்மியம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றை எதிர்க்கும் மரபணுக்களும் இருப்பதை 1968இல் நோவிக், ராத் என்னும் இரு ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

பாதரச எதிர்ப்பே இவற்றுள் மிக நேர்த்தியானது. பாதரசம் இல்லாதபோது, மெர்-ஆர் என்னும் புரதம் டி.என்.ஏ.வின் மீது அமர்ந்து தொடர்புடைய மரபணுக்களை அடக்கி வைக்கிறது. பாதரச அயனி அதனோடு பிணைந்ததும் அதே புரதம் அவற்றை இயக்கிவிடுகிறது. உள்ளே கொண்டுவரப்படும் அயனிக்கு மெர்-ஏ நொதி இரண்டு எலெக்ட்ரான்களைக் கொடுத்து, நச்சுத்தன்மை குறைந்த உலோகப் பாதரசமாக மாற்றுகிறது. சில பிளாஸ்மிட்களில் உள்ள மெர்-பி நொதி, ஜப்பானின் மினமாட்டா ஊர் மக்களைச் சீரழித்த மெத்தில் பாதரசத்தின் கார்பன் பிணைப்பையே அறுக்கவல்லது. ஆனால் உலோகப் பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலக்கும். எனவே திறந்த கழிமுகத்தில் இம்முறை நஞ்சை நீரிலிருந்து வளிமண்டலத்துக்கு இடம் மாற்றுகிறது. ஜெர்மனியில் குளோர்-ஆல்கலி ஆலைக் கழிவுநீரை இத்தகைய பாக்டீரியாக்கள் வளர்ந்த மூடிய கலத்தின் வழியே செலுத்தி, பாதரசத்தைக் கலத்துக்குள்ளேயே தேக்கிக் காட்டிய முயற்சி வெற்றி பெற்றதற்கு, அக்கலம் மூடியிருந்ததும் ஒரு காரணம்.

மற்ற உலோகங்களில் நிலைமை வேறு. காட்மியத்தை எதிர்க்கும் பிளாஸ்மிட் மரபணுக்கள் பெரும்பாலும் செல்லுக்குள் புகுந்த அயனியை வெளியே இறைக்கும் புரதங்களையே உருவாக்குகின்றன; பாக்டீரியா பிழைக்கிறது, நீரில் காட்மியம் அப்படியே இருக்கிறது. ஆர்செனிக்கில் கேடு இன்னும் மிகுதி: பல பிளாஸ்மிட்கள் ஆர்செனேட்டை அதைவிடப் பொதுவாக நச்சும் நகர்திறனும் கூடிய ஆர்செனைட்டாக மாற்றிய பிறகே வெளியேற்றச் செய்கின்றன. நுண்ணுயிரின் உயிர்காப்பு உத்தியை ஆற்றின் மருந்தாகக் கொள்ளும் பிழை இங்கே முழுதாக வெளிப்படுகிறது.

இப்பிழைக்கு எண்ணெயோடு ஒப்பிடும் பழக்கமும் துணைபோகிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரின் காமராஜர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதியபோது சிந்திய எண்ணெயின் சேற்றை அள்ளி, நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. எண்ணெயைச் சிதைக்கும் பிளாஸ்மிட்களை ஒரே பாக்டீரியாவில் சேர்த்த விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்கரவர்த்திக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இல் அதற்கான காப்புரிமையை உறுதி செய்தது. எண்ணெய் கார்பன் சேர்மம் என்பதால் கரியமில வாயுவாகவும் நீராகவும் சிதையும். ஈயம் தனிமம், அது எத்தனை நொதிகளைக் கடந்தாலும் ஈயமே.

இவற்றைவிடக் கவலைக்குரியது நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு. 1950களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமியில் கண்டறியப்பட்ட ஆர்100 என்னும் பிளாஸ்மிட், பாதரச எதிர்ப்போடு ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் எதிர்ப்புகளையும் சுமந்தது. இவ்வகைப் பிளாஸ்மிட் இருக்கும் இடத்தில் மருந்தே இல்லாவிட்டாலும் உலோகம் ஒன்றே அதைத் தக்கவைக்கப் போதும். வீட்டுக் கழிவுநீரும் ஆலைக் கழிவும் ஒன்றாய்ச் சேரும் வடசென்னையின் நீர்வழிகளில், பிளாஸ்மிட் சுமக்கும் பாக்டீரியாவை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டுவது, இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் மக்களை எண்ணிப் பார்க்காத செயல்.

கண்டறியும் பகுதியின் ஆய்வுமுறையிலும் குறைகள் உண்டு. பாக்டீரியாவை வளர்க்கும் சத்து மிகுந்த ஊடகத்தின் புரதங்களும் பாஸ்பேட்டும் உலோக அயனிகளைப் பிணைத்துக்கொள்வதால், அங்கே அளந்த தாங்குதிறன் இயற்கை நீரில் உள்ளதைவிட உயர்ந்து தோன்றும். அக்ரிடின் ஆரஞ்சு சாயத்தால் பிளாஸ்மிட்டை நீக்கியபின் எதிர்ப்பு மறைந்தது என்பதும் தனியே சான்றாகாது. அச்சாயம் மரபணு மாற்றங்களையும் உண்டாக்கக் கூடியது. அதே பிளாஸ்மிட்டை உணர்திறனுள்ள பாக்டீரியாவுக்குள் செலுத்தி எதிர்ப்பு திரும்புகிறதா என்று பார்ப்பதே உறுதியான சோதனை. பல ஆய்வுகள் அதற்கு முன்பே நின்றுவிடுகின்றன.

இம்மரபணுக்களை எண்ணூருக்கு நேரடியாகப் பயன்படுத்தும் வழி அளவீட்டில் இருக்கிறது. மெர்-ஆர் கட்டுப்படுத்தும் பகுதியை ஒளி உமிழும் மரபணுவோடு இணைத்தால், பாதரசம் பட்டதும் ஒளிரும் பாக்டீரியா கிடைக்கும்; அதை ஆய்வகக் குப்பிக்குள்ளேயே வைத்து, கழிமுக நீரைத் துளித்துளியாகச் சேர்த்துச் சோதிக்கலாம். வேதியியல் பகுப்பாய்வு பொதுவாக மொத்த உலோகத்தைச் சொல்லும். இது உயிர்ச்செல்லுக்குள் புகக்கூடிய பங்கை மட்டும் சொல்லும். முகத்துவாரத்தின் இறாலையும் நண்டையும் உண்போருக்குத் தெரியவேண்டிய அளவுக்கு நெருங்கியது இந்தப் பங்குதான்.