சிற்றீக்களை இனம் பிரிக்கும் மரபுகள்

ஈக்கும் கொசுவுக்கும் சிறகு இரண்டே. பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குமிழ் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். பறக்கும்போது உடலின் திருப்பத்தை உணர்த்துவது அதுதான். இந்த இருசிறகிக் கூட்டத்தில் ஏறத்தாழ 1,60,000 இனங்களுக்கு இதுவரை பெயர் சூட்டப்பட்டுள்ளது.

விலங்குகளுக்குப் பெயரிடும் விதி லின்னேயசின் 1758ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குகிறது. அவருடைய மாணவர் ஃபப்ரீசியஸ் வாயுறுப்புகளை வைத்துப் பூச்சிகளைப் பிரித்தார். இரண்டு மில்லிமீட்டர் ஈயின் வாயை அக்காலக் கண்ணாடியில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது பெரும்பாடு. ஜெர்மானியரான மெய்கென் உணர்கொம்பையும் சிறகு நரம்புகளையும் பிடித்துக்கொண்டார். ஈ காய்ந்து சுருங்கினாலும் நரம்பின் கிளைப்பு மாறுவதில்லை; அவர் வழி நிலைத்ததற்கு அதுவே காரணம். பின்னர் ஓஸ்டன் சாக்கன் என்ற ரஷ்யத் தூதரக அதிகாரி, தலையிலும் மார்பிலும் உள்ள தடித்த மயிர்களைப் பெயரிட்டு ஒழுங்குபடுத்தினார். மயிர் உதிர்ந்தாலும் அது முளைத்த குழி சாட்சி சொல்லும்.

நரம்பும் மயிரும் கைவிட்ட இடம் டுரோசோபிலா. அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் இந்தச் சிற்றீயின் மெலனோகாஸ்டர் இனத்துக்கு 1830இல் பெயரிட்டவர் மெய்கெனே. 1919இல் ஸ்டர்டெவண்ட் அதனுள் மறைந்திருந்த சிமுலன்ஸ் இனத்தைப் பிரித்துக் காட்டினார். இரண்டையும் கலந்தபோது பிறந்த குஞ்சுகள் மலடாயின. பெண் ஈக்களைக் கண்ணால் வேறுபடுத்துவது மிகக் கடினம். ஆணின் பிறப்புறுப்பிலோ ஐயமில்லை: ஒரு மடல் மெலனோகாஸ்டரில் சிறு கொக்கி போலவும், சிமுலன்சில் அகன்ற அரைவட்டமாகவும் இருக்கும். வயிற்று நுனியைக் காரத்தில் ஊறவைத்து, தசை கரைந்தபின் நுண்ணோக்கியில் பார்ப்பது இத்துறையின் அன்றாட வேலை.

2003இல் கனடாவின் ஹெபர்ட் முன்வைத்த டிஎன்ஏ பட்டைக்குறியீடு, மைட்டோகாண்ட்ரிய மரபணு ஒன்றின் 648 எழுத்துகளைப் படிக்கிறது. காலொடிந்த ஈக்கும் புழுவுக்கும் அது உதவும். எனினும் மொரீஷியஸ் தீவின் மௌரிஷியானா ஈயும் சிமுலன்சின் ஒரு பிரிவும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவைப் பகிர்ந்துகொண்டிருப்பதால், அங்கே குறியீடு தடுமாறுகிறது. ஆணின் மடலே வழக்கைத் தீர்க்கிறது.

எம்மரபானாலும் அளவுகோல் ஒன்று: அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைத்த மூல மாதிரி. ஐயம் எழுந்தால் ஒப்பிட வேண்டியது அதனோடுதான். படத்தை மட்டும் நம்பிப் பெயரிடுவது பின்வருவோருக்குக் கடன் வைப்பதாகும்.

பெயரிட்டதும் நிலைத்துவிடுவதில்லை. மாம்பழத்தைத் துளைக்கும் பழ ஈ ஒன்று 2003இல் கென்யாவில் அகப்பட்டது. இலங்கை மாதிரிகளையும் சேர்த்து ஆராய்ந்து 2005இல் அதற்கு இன்வாடென்ஸ் என்று பெயரிட்டனர். உருவம், மரபணு, இனக்கலப்பு, கவர்மணம் எல்லாவற்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது, தைவான் மாதிரிகளைக் கொண்டு 1912இல் ஹெண்டல் பெயரிட்ட டார்சாலிஸிலிருந்து அது வேறல்ல என்று தெரிந்தது. முந்திய பெயருக்கே முதலுரிமை என்பது விதி. 2015இல் இன்வாடென்ஸ் என்ற பெயர் டார்சாலிஸுக்குள் அடங்கியது.