இரு அணிக்கும் ஒரே குரல்

ஏட்டுக் கல்வியையோ சாத்திரப் பயிற்சியையோ எதிர்பாராமல், திரைப்படம், பாட்டு, மேடை ஆகியவற்றின் வழியே எல்லோரையும் சென்றடைவது வெகுசனப் பண்பாடு. அதற்கு யார் சரியான பிரதிநிதி என்ற கேள்வி எந்த நாட்டிலும் ஓய்ந்ததில்லை. அமெரிக்கர் எல்விஸ் பிரெஸ்லியா, சக் பெரியா, மைக்கேல் ஜாக்சனா என்று வாதிடுவதுபோல், தமிழர் எம்.ஜி.ஆரா சிவாஜியா, கண்ணதாசனா வாலியா, விஸ்வநாதனா இளையராஜாவா என்று தலைமுறை தலைமுறையாக வாதிட்டுவருகின்றனர். தமிழர் அந்த வாதத்துக்கு நடுவர், அணி, நேரம், தீர்ப்பு என இலக்கணம் வகுத்து, ஊர் கூடிக் கேட்கும் ஒரு மேடைக்கலையாகவே அதை வளர்த்தெடுத்தனர். பட்டிமன்றம் என்னும் அக்கலையைப் பொழுதுபோக்கு என்று கூறி ஒதுக்குவோர் உண்டு. ஊன்றிக் கேட்பவருக்கோ, பிரதிநிதி என்ற சொல்லின் பொருளையே தெளிவாக்கும் நுட்பம் அதில் புலப்படும்.

சொல் பழமையானது. புகார் நகரில் மகத மன்னன் கொடுத்த பட்டிமண்டபம் இருந்ததைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. மணிமேகலையில் விழாவை அறிவித்து முரசறைபவன், சமயவாதிகள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கிறான். இக்கால வடிவத்துக்கு உரமிட்டவற்றுள் முதன்மையானது, சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம். கம்பனின் பாத்திரங்களுள் எவர் உயர்ந்தவர் என்று இரு அணிகள் மோத, குன்றக்குடி அடிகளார் போன்றோர் நடுவராக அமர்ந்து தீர்ப்பளித்த அரங்குகளில், வாதத்துக்குச் சான்றாக நின்றது கம்பனின் விருத்தம். பின்னர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்த சாலமன் பாப்பையா, மதுரைப் பேச்சுமொழியின் ஈரத்தோடு பட்டிமன்றத்தை அன்றாடக் குடும்ப வாழ்க்கைக்குள் கொண்டுவந்தார். பள்ளி ஆசிரியராக இருந்த திண்டுக்கல் ஐ. லியோனி, பழைய திரைப்பாடலா புதிய திரைப்பாடலா என்ற வழக்கை மேடையேற்றி, விருத்தம் நின்ற இடத்தில் திரைப்பாடலின் பல்லவியை நிறுத்தினார். 1990-களில் அவருடைய பட்டிமன்ற ஒலிநாடாக்கள் தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் ஒலித்தபோது, காரைக்குடியில் கம்பனுக்குக் கிடைத்த விசாரணை பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துக்கும் கண்ணதாசனுக்கும் கிடைத்தது.

திண்டுக்கல் சமவெளியில் இக்கலை வேரூன்றுவதற்கு ஏற்ற மண் முன்பே இருந்தது. திரைப்பட ரசனை வாக்காக மாறிய வரலாற்றில், 1973-ஆம் ஆண்டின் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலுக்குத் தனி இடம் உண்டு, எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கிய அடுத்த ஆண்டிலேயே அக்கட்சிக்கு முதல் வெற்றியைத் தந்தது இந்தத் தொகுதிதான். பழனிக்குக் கிழக்கே, மலையை அண்ணாந்து பார்த்தபடி கிடக்கும் ஆயக்குடி போன்ற ஊர்களில், எம்.ஜி.ஆரா சிவாஜியா என்பது வீட்டுக்கு வீடு, சில வேளைகளில் ஒரே வீட்டுக்குள் அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையில் நடந்த வழக்கு. அதைத் தெருச்சண்டையாகாமல் காத்து, சிரித்துக்கொண்டே கேட்கக்கூடிய கலையாக்கித் தந்தது பட்டிமன்ற மேடை.

அம்மேடையின் அமைப்பு எளியது. நடுவில் நடுவரும் இரு புறமும் பெரும்பாலும் மும்மூன்று பேச்சாளர்களும் அமர்வர். பாட்டுப் பட்டிமன்றமாயின் கீபோர்டும் தபேலாவும் துணைக்கு வருவதுண்டு. இரு அணியினரும் மாறி மாறிப் பேச, நேரம் கடந்தால் நடுவர் மணியடிப்பார். எளிய இந்த அமைப்புக்குள் நடுவரின் பணிதான் கடினமானது. தொடக்கவுரையிலேயே இரு தட்டுகளையும் சமமாக நிறுத்த வேண்டும். ஓர் அணியின் பேச்சு முடிந்து கைதட்டல் அடங்குமுன், அடுத்த அணி இதற்கு என்ன மறுமொழி சொல்லப்போகிறது என்ற பதைப்பைச் சபையில் மூட்டிவிட வேண்டும். தளர்ந்த பேச்சுக்குத் தோள் கொடுக்கவும், வரம்பு மீறும் பேச்சை ஒரே சொல்லில் இழுத்து நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும்.

பேச்சாளரின் கலையை ஒரு சிறு பகுதியைக் கொண்டே விளக்கலாம். எம்.ஜி.ஆர். அணியில் பேசுபவர், ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965) படத்தில் கொடுமைக்காரனிடமிருந்து சாட்டையைப் பறித்துச் சுழற்றியபடி நாயகன் பாடும் காட்சியை எடுத்துக்கொள்கிறார் என்று கொள்வோம். தேர்ந்த பேச்சாளர் உடனே பாடிவிடுவதில்லை. அடிவாங்கிய கோழை மாடிப்படியில் ஓடியதைச் சொல்லி, அதே படியில் அவன் உருவத்தை ஒத்த வீரன் நிற்பதைச் சொல்லி, வலக்கையை மெல்ல உயர்த்தி, பல்லவியின் முதற்சொல்லை மட்டும் உச்சரித்து நிறுத்துகிறார். எஞ்சிய அடியைச் சபை பாடுகிறது. வாதியின் கூற்றுக்குச் சபையே சாட்சி சொல்லிவிடும் அக்கணத்தில், எதிரணியின் மேசையில் சற்றே அமைதி நிலவும். மறுமொழி கூற எழும் சிவாஜி அணியினர் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) படத்தில் ஜாக்சன் துரை முன் நாயகன் பேசும் வசனத்தைத் தொடங்குவர். 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்த அந்தப் படத்தின் வசனத்தை, எழுத்தறியாத முதியவரும் ஏற்ற இறக்கம் தவறாமல் உடன் சொல்வார். அதே சபைதான் இங்கும் சாட்சி.

இரு அணிக்கும் சபை சமமாகச் சாட்சி சொல்லிவிட்டால், தீர்ப்பு எதன்மேல் நிற்கும் என்பதில்தான் நடுவரின் புலமை வெளிப்படுகிறது. அணிகள் முன்வைத்த இரண்டு படங்களுக்கும் வசனம் எழுதியவர் ஒருவரே, சக்தி டி.கே. கிருஷ்ணசாமி. அதைவிட வலியது குரலைப் பற்றிய சான்று. மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்த டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் பாடினார், சிவாஜிக்கும் பாடினார். சிவாஜிக்கான பாடல்களில் அவர் குரல் அடிவயிற்றிலிருந்து கனத்து எழுந்து, சொல்லின் இறுதியில் சற்றே நடுங்கி நிற்கும்; எம்.ஜி.ஆருக்கான பாடல்களில் அதே குரல் நிமிர்ந்து, தெளிந்து, சொற்களை விரைந்து வெட்டி நடக்கும். கண்ணை மூடிக் கேட்டாலும் திரையில் நிற்பவர் யாரென்று தெரிந்துவிடும். இரண்டு மணிநேரம் எதிரெதிராக நின்ற இரு அணிகளும் உண்மையில் ஒரே மனிதரின் குரலைத்தான் மாறி மாறிப் பாடியிருக்கின்றன என்று நடுவர் இறுதியில் எடுத்துக்காட்டினால், தோற்ற அணியின் ரசிகரும் மனநிறைவோடு எழுந்து செல்வார்.

பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் வேறு முறையோடு ஒப்பிட்டால் இதன் அருமை மேலும் விளங்கும். விண்வெளியில் என்றேனும் எவரேனும் கேட்கக்கூடும் என்று 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் பொன்முலாம் பூசிய இசைத்தட்டுகள் அனுப்பப்பட்டன. கார்ல் சேகன் தலைமையிலான குழு, அவற்றில் ராக் இசைக்குச் சக் பெரியின் பாடலைத் தேர்ந்தது. முதல் கலம் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு மறைந்த எல்விஸின் பாட்டு அவற்றில் இல்லை. கறுப்பினக் கலைஞர்களின் இசையிலிருந்து பலவற்றைக் கற்றுப் பாடியவர் எல்விஸ் என்பதை எண்ணும்போது, அந்தத் தேர்வு நேர்மையானதே. ஆயினும் அது அறிஞர் சிலர் கூடி எடுத்த முடிவு. எல்விஸ் அணிக்காக ஒருவர் எழுந்து பேசவும், கேட்டவர் அதற்குக் கைதட்டவும் அங்கே மேடை இல்லை. பட்டிமன்றமோ தீர்ப்பை நடுவருக்குக் கொடுத்தாலும், சான்றைச் சபையின் வாயிலிருந்தே பெறுகிறது.

பிறப்பிடம் இங்கே ஒரு பொருட்டாவதில்லை. எம்.ஜி.ஆர். 1917-இல் இலங்கையின் கண்டியில் மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கும் சிவாஜிக்கும் குரலான சௌந்தரராஜனின் வீட்டுமொழி சௌராஷ்டிரம். திரைப்பாட்டில் கலந்த கிதாரும் டிரம்பெட்டும் கடல் கடந்து வந்தவை. இவற்றை அயல் என்று பட்டிமன்ற மேடையில் எவரும் தள்ளுவதில்லை, தள்ளினாலும் சபை ஏற்பதில்லை. ஆயக்குடிக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய செய்தியன்று. அவ்வூரின் அடையாளமாக விளங்கும் கொய்யா, வெப்பமண்டல அமெரிக்காவில் தோன்றிப் போர்த்துகீசியர் வழியே இந்தியா வந்த மரம். செம்மண்ணும் மலையடிவாரக் காற்றும் அதன் சுவையை ஏற்றின. கொய்யாவின் முன் ‘ஆயக்குடி’ என்ற அடைமொழியைச் சேர்த்ததோ, கூடையை நிறுத்தி ஒன்றைக் கடித்துப் பார்த்து, இன்னொன்று கேட்டு வாங்கிய வாய்கள். பட்டிமன்றப் பந்தலில் பல்லவியின் எஞ்சிய அடியை முடித்துவைப்பவையும் அந்த வாய்களே.