இரண்டாவது ரன்

மொஹாலி ஆட்டம் என்றதும் எல்லோருக்கும் கடைசி ஓவர்களில் பறந்த பவுண்டரிகள்தான் நினைவுக்கு வருகின்றன. 2016 மார்ச் 27, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக கோலி 51 பந்தில் 82. அதில் ஒன்பது ஃபோரையும் இரண்டு சிக்ஸரையும் கழித்தால் 34 ரன் மிஞ்சும். என் ரசனை முழுக்க அந்த 34-இல்தான். தோனியோடு விரட்டி எடுத்த இரண்டிரண்டு ரன்கள், அவற்றிலும் முதல் ரன் முடிந்து மட்டை கோட்டை உரசும் அந்த இடம். முழு வேகத்தில் வந்தவர் கடைசி இரண்டு மூன்று எட்டில் வேகத்தை அடக்குகிறார், இடுப்பு தாழ்கிறது, வெளிக்கால் தரையைக் கவ்வுகிறது. உடம்பு திரும்பும் முன்பே தலை திரும்பிவிடுகிறது. ஆடியவர் கோலிதான். ஆனால் அந்தத் திருப்பத்தில் சங்கர் பாசுவின் கையெழுத்தைப் பார்க்கிறவன் நான்.

சென்னைக்காரர் பாசு. பெங்களூரு அணியில் கோலியைப் பார்பெல் பக்கம் இழுத்தவர், 2015-லிருந்து 2019 உலகக் கோப்பை வரை இந்திய அணியின் ட்ரெயினர். தன் உடம்பு மாறியதற்கான பெருமையை கோலியே பலமுறை பாசு சாருக்குக் கொடுத்திருக்கிறார். உடனே நம் ஆட்கள் தட்டு எண்ண ஆரம்பித்தார்கள்: எத்தனை கிலோ, எத்தனை செட்? எடைதான் வேண்டுமென்றால் வேலூர் சத்துவாச்சாரியின் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தைப் பாருங்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் ஸ்நாட்ச் 149 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க் 179. அதற்குப் பக்கத்தில் எந்தக் கிரிக்கெட்காரரின் எண்ணும் நிற்காது.

கிளீன் போடும்போது பார் மேலே ஏறுவதையே எல்லோரும் பார்க்கிறார்கள். அது தோளில் வந்து விழும் நொடியைப் பார்க்க வேண்டும். விழுகிற பாரத்தை முழங்காலும் இடுப்பும் மடங்கி வாங்கிக்கொள்ள வேண்டும், முதுகு வளையக் கூடாது, குதிகால் எழும்பக் கூடாது. கிரீஸ் கோட்டில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். அங்கே விழுகிற பாரம் ஓடி வந்த ஆளின் சொந்த உடம்பு. தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிற இந்தப் பலம் கண்ணாடி முன் நின்றால் தெரியாது. தொடையின் பின்பக்கம் கிழிந்து ஆள் உட்காரும்போதுதான் அது இல்லாதது தெரியும்.

யோ-யோ ஓட்டச் சோதனைக் கட்சிக்காரர்களோடு எனக்குச் சின்னப் பிணக்கு உண்டு. 2017-இல் 16.1 என்ற தேர்ச்சி எண் வந்ததிலிருந்து அந்தச் சோதனையை வைத்தே ஆளை அளக்கிறார்கள். அது மூச்சைத்தான் அளக்கிறது என்று அவர்கள் நினைப்பு. ஆனால் இருபது மீட்டருக்கு ஒரு தரம் திரும்ப வேண்டிய ஓட்டம் அது. திரும்பத் தெரியாதவன் ஒவ்வொரு கோட்டிலும் அரை எட்டைத் தொலைத்து, அதை மூச்சால் ஈடுகட்டப் பார்த்துத் தோற்கிறான். தோற்றவனை நுரையீரல் சரியில்லை என்று திட்டுகிறார்கள்.

ராம்ஜி ஸ்ரீனிவாசன் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். 2011-இல் கோப்பையைத் தூக்கிய அணியின் ட்ரெயினர் அவர்தானே, அதற்கு மேல் என்ன சான்று என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் கோப்பையை வைத்து ட்ரெயினரை எடைபோட்டால் பாசுவுக்கு நியாயம் கிடைக்காது. அவருடைய கடைசி ஆட்டம் 2019 ஜூலையில் மான்செஸ்டர் அரையிறுதி. அன்று தோனி ரன் அவுட் ஆனதும் ஓர் இரண்டாவது ரன்னில்தான். டைவ் அடித்திருக்கலாமே என்று ஊரே பேசியது. வயது 38, திரும்பியதில் நான் குறை காணவில்லை. நியூசிலாந்தின் கப்தில் எறிந்த எறி அப்படி.

மதுரை வண்டியூர் தெப்பக்குளம் வறண்டு கிடந்த காலத்தில் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இதெல்லாம் பாடமாகவே தெரியாது, பழக்கமாகத் தெரியும். மேலே புழுதி, கீழே காய்ந்து கெட்டித்த மண். குதிகால் ஊன்றி நின்றால் சறுக்கல், முழங்கை தேய்ந்துவிடும். எங்களுக்கு ஒரு பி.டி. சார் இருந்தார். குளத்துப் படியில் நிறுத்தி ஒவ்வொரு படியாகக் குதிக்கச் சொல்வார். தரையில் கால் படும் சத்தம் அவர் காதில் விழக் கூடாது. விழுந்தால் திரும்ப மேலே போக வேண்டும். காரணம் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் தேய்த்து எடுத்த கபடிப் பையன்கள் பாடிப் போய்விட்டுக் கோட்டுக்குத் திரும்பும் அழகை இன்றைக்கு எந்தக் கல்லூரி அணியிலும் நான் பார்க்கவில்லை. இப்போது எங்கே பார்த்தாலும் தரையில் விரித்த மஞ்சள் ஏணி. அதற்குள் கால்கள் தையல் மிஷின் மாதிரி ஓடுகின்றன, பக்கத்தில் ஒருவர் ரீல்ஸ் எடுக்கிறார். கால் வேகமாகத்தான் ஆடுகிறது, உடம்பு எங்கேயும் போகவில்லை, எங்கேயும் நிற்கவும் இல்லை.

அமெரிக்காவில் ட்ரெயினர் தொழில் வேர்பிடித்தது கல்லூரிகளின் அமெரிக்கன் ஃபுட்பாலில்தான். 1969-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் பாய்ட் எப்ளியை வேலைக்கு எடுத்தது. முதுகில் அடிபட்டு எடை அறையே கதியென்று கிடந்த கோலூன்றித் தாண்டும் வீரர் அவர். சம்பளம் மணிக்கு இரண்டு டாலர். எடை தூக்கினால் ஆள் மந்தமாகிவிடுவான் என்று கோச்சுகள் நம்பிய காலம். எவனாவது மெதுவானால் உனக்கு வேலை போச்சு என்று தலைமைப் பயிற்சியாளர் பாப் டெவேனி எச்சரித்தே சேர்த்தாராம். அடுத்த இரண்டு ஆண்டும் தேசியப் பட்டம் நெப்ராஸ்காவுக்கு. இன்று அங்கே பெரிய பல்கலைக்கழக ட்ரெயினர்களின் சம்பளம் ஆண்டுக்கு லட்சக்கணக்கான டாலர்.

நம் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் ஒரே ஆள். கபடிக்கும் அவர், கால்பந்துக்கும் அவர், ஸ்போர்ட்ஸ் கோட்டா கடிதத்துக்கும் அவர், சுண்ணாம்புக் கோடு போட ஆள் பிடிக்கவும் அவரே. அவரிடம் போய், பையனின் இடுப்பு தாழ்கிறதா பாருங்கள் சார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் மாலையில் பந்து உதைக்க வரும் பையன்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன்: ஏணியைச் சுருட்டி வைங்கடா, முதல்ல ஓடி வந்து நின்னு காட்டுங்க. எனக்கு 'பிரேக் பெருசு' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம்.