மகனின் குரலுக்குக் கீழே

‘முதல் பெண்’ என்று சொல்லும்போது நமக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. பிரெஞ்சுப் பாடகி நத்தாலி ஸ்டூட்ஸ்மான் 2022இல் அட்லாண்டா சிம்பொனியின் இசை இயக்குநரானார்; அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். 2023இல் ஜெர்மனியின் பைராய்ட் விழாவில் வாக்னரின் ‘டான்ஹாய்ஸர்’ ஓபராவை நடத்தினார். 1876இல் தொடங்கிய அந்த விழாவுக்கு ஒக்சானா லினிவ் என்னும் முதல் பெண் நடத்துநர் வந்ததே 2021இல்தான். கணக்கு சரிதான். ஆனால் கதவு திறந்த நாளிலிருந்துதான் இந்தக் கணக்கு எண்ணத் தொடங்குகிறது. அதற்கு முன் அந்த வீட்டில் யார் குரல் கேட்டது என்று அது விசாரிப்பதில்லை.

அப்படி விசாரிக்க ஸ்டூட்ஸ்மானின் பரோக் இசைப் பதிவுகளே நமக்கு வழிகாட்டுகின்றன. அவர் கான்ட்ரால்ட்டோ, அதாவது பெண் குரல்களில் மிகத் தாழ்ந்த குரல் அவருடையது. 2009இல் ‘ஆர்ஃபியோ 55’ என்ற இசைக்குழுவைத் தொடங்கி, அதை நடத்திக்கொண்டே பாடவும் செய்தார். அந்தக் குழுவோடு 2014இல் அவர் வெளியிட்ட ஹாண்டெல் இசைத்தட்டில் ஓபராக்களின் பெரிய நாயகர்கள் இல்லை. இரண்டாம் நிலைப் பாத்திரங்களின் பாடல்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொகுத்திருக்கிறார். ஓரத்தில் நிற்பவர்களை நடுவில் நிறுத்தும் இந்தத் தேர்வே ஒரு விமர்சனம்தான்.

அதில் ‘ஜூலியோ சேசரே’ ஓபராவின் முதல் அங்கத்தை முடிக்கும் இருவர் பாடல் இருக்கிறது. கணவன் பாம்பேயின் வெட்டுண்ட தலையைப் பார்த்துவிட்ட கொர்னேலியாவும் அவள் மகன் செஸ்தோவும் பிரிக்கப்படும் நேரம் அது. தாலாட்டைப் போல ஆடும் மெதுவான தாளத்தில் தாய் தொடங்குகிறாள், மகன் பதில் சொல்கிறான். மகனின் குரல் மேலே. தாயின் குரல் கீழே. பதிவில் மகனாகப் பாடுபவர் பிலிப் ஜாரூஸ்கி என்னும் ஆண். உயர்ந்த சுருதியில் பாடும் அந்த ஆணைக் கீழே நின்று தாங்குவது ஒரு பெண்ணின் குரல். வாத்தியங்களை நடத்துபவளும் அவளே.

1724இல் லண்டனில் இந்த ஓபரா அரங்கேறியபோது தாயாகப் பாடியவர் அனஸ்தேசியா ராபின்சன், மகனாகப் பாடியவர் மார்கெரிட்டா துராஸ்தாந்தி. இருவரும் பெண்கள். சீசராகப் பாடியவர் செனெசினோ. சிறுவயதில் விதையடிக்கப்பட்டு உயர்ந்த குரலோடு வளர்ந்த காஸ்ட்ராட்டோ. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், ‘ரதமிஸ்தோ’ ஓபராவின் நாயகனாகவே துராஸ்தாந்தி பாடியிருந்தார். அரசனும் வீரனும் உயர்ந்த குரலில் பேசிய மேடை அது. வீரம் தடித்த குரலில்தான் வரும் என்று அந்த ரசிகர்கள் நினைக்கவில்லை. இதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. காஸ்ட்ராட்டோவின் குரல் ஒரு சிறுவனின் உடலைக் காயப்படுத்திப் பெறப்பட்டது. ரோமில் பெண்கள் மேடையேறவே தடை இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. நாயகனின் இடம் டெனர் குரலுக்குப் போயிற்று. தாழ்ந்த பெண் குரலுக்குப் பெரும்பாலும் தாய், சூனியக்காரி, செவிலி வேடங்களே மிஞ்சின. இன்னொன்று, கையில் கோலுடன் மேடையில் நிற்கும் தனி நடத்துநர் உருவானார். பரோக் காலத்தில் ஹார்ப்சிகார்ட் வாசிப்பவரோ முதல் வயலின்காரரோ கூடவே வாசித்தபடி குழுவை நடத்தினார்கள். பாடலின் முதல் பகுதி திரும்பி வரும்போது பாடுபவர் தம் விருப்பப்படி அலங்கரிப்பார், வாத்தியங்கள் பின்தொடரும். முடிவெடுக்கும் உரிமை பாடகரிடமும் இருந்தது. அந்த உரிமை தனியொருவரின் கோலுக்குள் குவிந்தபின், அக்கோல் வெகுகாலம் ஆண்களின் கையைவிட்டு அகலவில்லை.

பாடகர் நடத்துநராவது புதிதல்ல. பெல்ஜியத்தின் ரெனே யாக்கப்ஸ் பெண் சுருதியில் பாடிய கவுன்டர்டெனர். 1977இல் ‘கான்செர்ட்டோ வோக்காலே’ குழுவைத் தொடங்கினார், இன்ஸ்புருக்கில் செஸ்தியின் ‘ஒரொந்தேயா’வை நடத்தினார், பரோக் ஓபராவின் பெரிய நடத்துநர்களில் ஒருவரானார். அவர் தகுதியை நான் குறைக்கவில்லை. ஸ்டூட்ஸ்மானோ, இளமையில் நடத்துநர் வகுப்பில் தான் பெண் என்பதால் ஆசிரியர் வாய்ப்பே தரவில்லை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பல பத்தாண்டுகள் பாடிப் பெயர் வாங்கிய பிறகே அவர் தனக்கென ஒரு குழுவை உருவாக்கிக்கொண்டார்.

பாராட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. பாடகி என்பதால் ‘மூச்சை உணர்ந்து’ நடத்துகிறார் என்பார்கள். பியானோவும் பசூனும் கற்று, பின்லாந்தின் யோர்மா பனுலாவிடம் நடத்துதலைப் பயின்றவரின் அறிவு அந்தச் சொற்களில் வெறும் உள்ளுணர்வாகச் சுருங்கிவிடுகிறது. ஆணிடம் இருந்தால் ஞானம், பெண்ணிடம் இருந்தால் இயல்பு. மூச்சும் கற்றுப் பெற்றதுதான். எங்கே நிறுத்துவது, யாருக்காகக் காத்திருப்பது என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கான உழைப்பு.

ஆர்ஃபியோ 55 குழு 2019இல் முடிந்துபோனது. வாக்னரை நடத்தியவர் என்றே வரலாறு ஸ்டூட்ஸ்மானை எழுதக்கூடும். மாணவிகளிடம் நான் அந்தத் தாய் மகன் பாடலைத்தான் கேட்கச் சொல்வேன். பெண்ணின் அதிகாரம் நேற்று யாரோ திறந்துவிட்ட கதவால் வந்ததல்ல. மகனின் குரலுக்குக் கீழே, பாட்டு முழுவதையும் தாங்கிக்கொண்டு அது முன்பே அங்கே இருந்தது.