‘மௌனம்’ நாவலில் குருவும் மக்களும்

ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் ஷூசாக்கு எண்டோ 1966-இல் வெளியிட்ட ‘மௌனம்’, பதினேழாம் நூற்றாண்டு வேதகலாபனையில் மறைந்து வாழ்ந்த விசுவாசிகளுக்கு உதவச் சென்ற இயேசு சபைக் குருவின் கதை. அருள்தந்தை ரொட்ரீகஸ் ஆறுதல் அளிக்கவே கடல் கடக்கிறார். ஆனால், அவரை ஒளித்துவைத்த குடியானவர்கள் கடலோரத்தில் மரங்களில் கட்டப்பட்டு அலைகளுக்கு இரையாகின்றனர். இறுதியில், ஏற்கெனவே மறுதலித்தும் விடுவிக்கப்படாமல் குழியில் தலைகீழாகத் தொங்குவோருக்காக, அவரே ஆண்டவரின் திருவுருவை மிதிக்கிறார். உதவ வந்தவரே சுமையாகும் இந்த அவலத்தை எண்டோ பூசிமெழுகவில்லை. குருக்களாகிய எம்மைச் சுடும் பகுதி இது.

எனினும், ஒரு குறை. டொமோகி ஊரார் தமக்குள் மூப்பரை ஏற்படுத்தித் திருமுழுக்கு அளித்துவந்ததைத் தொடக்கத்தில் சொல்லும் நாவல், பின்னர் அதை மறந்தே போகிறது. குருவின் மனப்போராட்டமே எல்லாப் பக்கங்களையும் அடைத்துக்கொள்கிறது. (துன்புறும் திருச்சபைக்கு உதவி என்றதும் நாமும் முதலில் அனுப்பவேண்டிய குருவைத்தானே நினைக்கிறோம்!)

வரலாற்றில் அந்த மூப்பர்களே நிலைத்தனர். திருமுழுக்கு அளிப்பவர், திருநாள்களைக் கணித்துச் சொல்பவர் எனப் பணிகளைப் பகிர்ந்து, குருக்களின்றி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் செபங்களை வாய்மொழியாகவே காத்தனர். 1865 மார்ச் 17 அன்று நாகசாகியின் ஓவுரா ஆலயத்துக்கு வந்த உராகாமி ஊரார், அருள்தந்தை பெத்திஜானிடம் மரியன்னையின் சுரூபம் எங்கே என்று கேட்டனர். பின்னர் அவ்வூரார் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியூர்களுக்குக் கடத்தப்பட்டு, 1873-இல்தான் வீடு திரும்பினர். இவர்களின் மூதாதையரைத்தான் நாம் ‘மௌன’த்தில் தேடினோம்.